‘ஒன் மோர்’ என்றதும் முகம் ஏன் மாறுகிறது? மூத்த நடிகர்களும் இளம் இயக்குநர்களும்

பார்வைக்கோடு:
பெரிய நடிகருக்கும் புது இயக்குநருக்கும் சண்டை என்று செய்தி வந்தால் தீர்ப்பு தயாராக இருக்கும். ‘பெரியவருக்குத் தலைக்கனம்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘பொடியனுக்கு மரியாதை தெரியவில்லை’ என்பார்கள். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுப் பேசலாமா? படப்பிடிப்பில் எந்த வேலையில், எந்த நிமிடத்தில் உரசல் கிளம்புகிறது, அதற்கு என்ன வழி என்று அவரவர் துறையிலிருந்து சொல்லுங்கள்.

வயது வித்தியாசம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. 1969-ல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டப் படத்துக்காக ஹாலிவுட் நட்சத்திரம் ஜோன் க்ராஃபோர்டை இயக்கியபோது இயக்குநர் ஸ்பீல்பெர்குக்கு 22 வயது, அம்மையாருக்கு அறுபதுக்கு மேல். வேலை ஒழுங்காக முடிந்தது. 1996-ல் ‘பூகி நைட்ஸ்’ எடுத்த பால் தாமஸ் ஆண்டர்சனுக்கு 26, அதில் நடித்த பர்ட் ரெனால்ட்ஸுக்கு 60. அந்த உரசல் ஊரறிந்தது. ரெனால்ட்ஸுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது, ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. அப்படியும் அதே இயக்குநரின் அடுத்த படத்தில் அவர் நடிக்கவில்லை. ஆக, பலன் நல்லதாக வந்தாலும் புண் ஆறுவதில்லை. புண் எங்கே பட்டது என்பதுதான் என் கேள்வி.

வெட்டுமேசை:
என் கணக்கில் முதல் குற்றவாளி ஃபிலிம் சுருள்.

35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓட்டினால் நிமிடத்துக்கு 90 அடி காலி. 400 அடிச் சுருள் நாலரை நிமிடம்கூடத் தாங்காது. 1000 அடி போட்டாலும் 11 நிமிடம்தான். கேமரா ஓடும் சத்தமே காசு கரையும் சத்தமாகக் கேட்ட காலம் அது. அதனால் எங்கே நிற்பது, எந்த வார்த்தையில் திரும்புவது, டம்ளரை எப்போது வைப்பது எல்லாம் கேமரா ஓடுவதற்கு முன்பே முடிவாகிவிடும். அந்தப் பள்ளியில் தேர்ந்தவர் ஒத்திகையில் பாதியை அடக்கி வைப்பார். ‘ஆக்‌ஷன்’ என்றதும் மொத்தத்தையும் இறக்குவார்.

டிஜிட்டலில் வளர்ந்தவருக்கு ஒத்திகைக்கும் டேக்குக்கும் (கேமராவில் பதிவாகும் ஒவ்வொரு முயற்சிக்கும்) நடுவில் கோடு கிடையாது. ‘ரிகர்சலையே ஷூட் பண்ணிடலாம் சார்’ என்பார். அவருக்கு அது நேரச் சிக்கனம். பெரியவருக்கோ, அரைகுறை ஒப்பனையோடு யாரோ திருட்டுத்தனமாகப் படம் பிடித்த மாதிரி. அதைவிட மோசம், ‘கட்’ சொல்லாமல் ‘அப்படியே முதல்ல இருந்து’, ‘அப்படியே இன்னொரு தடவை’ என்று இருபது நிமிடம் கேமராவை ஓடவிடுவது. இளம் நடிகர் அதில் சூடேறுவார். மூத்தவருக்கு மூன்றாவது சுற்றிலேயே மூச்சு வாங்கும், அப்புறம் வருவதெல்லாம் முதல் சுற்றின் நகல். எடிட்டிங் மேசையில் பார்த்தால் பெரியவருக்குத் தேறுவது முதல் சுற்று, இரண்டாவது, தப்பித் தவறி நாலாவது. அதற்குமேல் வெட்டி வைத்ததெல்லாம் இளையவர் பக்கத்துக்குத்தான் உதவும்.

செய்யவேண்டியது எளிது. ஒத்திகையைப் பதிவு செய்வதாக இருந்தால் முதல் நாளே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள், கட் சொல்லுங்கள். ஒரு நிமிடம் உட்காரட்டும். வைட் (முழுக் காட்சி), மிட் (இடுப்பளவு), க்ளோசப் (முகம்) என்ற வரிசை ஒன்றும் வேதவாக்கு இல்லை. பெரியவரின் க்ளோசப்பை முதலில் எடுத்துவிட்டு வைடுக்குப் போகலாம். விளக்குகளைத் திருப்பிப் போட இரண்டு முறை நேரம் போகும் என்று ஒளிப்பதிவாளர் முனகுவார். முனகட்டும், முகம் களைத்தபின் எடுத்த க்ளோசப்பை எந்த விளக்கும் காப்பாற்றாது.

ஃபோகஸ்\_புல்லர்:
வெட்டுமேசை சொன்னதோடு ஒரு கணக்கு சேர்க்கிறேன், ஏனென்றால் பாதி ‘ஒன் மோர்’, அதாவது ‘இன்னொரு டேக்’, ஃபோகஸைப் பிடிக்கும் எங்கள் ஆட்களால் வருகிறது.

ஃபுல் ஃபிரேம் சென்சார், 85 மி.மீ. லென்ஸ், நடிகர் இரண்டு மீட்டரில். லென்ஸின் துளை 5.6-ல் இருந்தால் (எண் குறைந்தால் துளை பெரிது) தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 18 செ.மீ. அதே லென்ஸை 1.4-க்குத் திறந்தால் நாலரை செ.மீ. சொச்சம். பின்னணி பஞ்சு மாதிரி கரைந்தால்தான் ‘சினிமாட்டிக்’ என்று நினைப்பவர்கள் எப்போதும் திறந்தே வைப்பார்கள். 5.6-க்கும் 8-க்கும் பழகிய நடிகர் ஒரு வசனத்தை அழுத்த முன்னால் சாய்வார். அந்தச் சாய்வு ஒரு சாண் இருக்கும். கண் போய்விடும், காது மட்டும் ஷார்ப்பாக இருக்கும்.

அங்கேதான் வினை. அவர் கொடுத்தது அன்றைய நாளின் சிறந்த டேக். மானிட்டர் பக்கம் இருந்து வருவது ‘ஒன் மோர்’ மட்டும். காரணம் வராது. அவர் என்ன நினைப்பார்? ‘நடிப்பு போதவில்லை.’ அடுத்த டேக்கில் வேறு எதையோ மாற்றுவார், தேவையே இல்லாமல்.

முதல்படம்:
இதுல ஒரு சந்தேகம் அண்ணா. ஃபோகஸ் போச்சுன்னு வெளிப்படையா சொன்னா உங்க ஆளைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகாதா? சொல்லாம விட்டா நடிகர் கோச்சுக்கிறார். எப்படிச் சொல்றது?

ஃபோகஸ்\_புல்லர்:
தம்பி, ஆளைச் சொல்லவேண்டாம், பொருளைச் சொல்லுங்கள். ‘உங்கள் பக்கம் சரி. கேமராவுக்காக இன்னொன்று. அதே மாதிரி செய்யுங்கள்.’ மூன்று வாக்கியம் போதும். அதில் கடைசி வாக்கியம்தான் முக்கியம்.

ஆழம் நாலரை செ.மீ. என்றால் ஒத்திகையிலேயே பெரியவரிடம் கேட்டுவிடுங்கள், ‘இந்த இடத்தில் முன்னால் வருவீர்களா?’ என்று. வருவேன் என்றால் துளையை 2.8-க்கு மூடி விளக்கைக் கூட்டலாம். அப்போது ஆழம் இரண்டு மடங்கு ஆகும். கேட்காமல் ‘அசையாமல் பேசுங்கள் சார்’ என்றால், அவரிடம் இருந்த நடிப்பில் பாதியை நீங்களே பிடுங்கிக்கொண்டீர்கள்.

காட்சித்தாள்:
கன்டின்யூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி பார்க்கும் பக்கத்திலிருந்து. ஒவ்வொரு டேக்குக்கும் எதிரே ‘ஏன் மறுபடி’ என்று ஒரு சொல் குறித்து வைப்பது பழைய வழக்கம்: ஃபோகஸ், சத்தம், வசனம், நடிப்பு, எதிர் நடிகர், கேமரா நகர்வு. இயக்குநர் வாயைத் திறக்குமுன் அந்தச் சொல் தனக்கே தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். தெரியவில்லை என்றால் அந்த ஒன் மோர் வேண்டாம். காரணம் இல்லாமல் கேட்பதை மூத்தவர்கள் நொடியில் மோப்பம் பிடிப்பார்கள். ‘என்ன வேண்டும் என்று இந்த ஆளுக்கே தெரியவில்லை’ என்ற எண்ணம் ஒருமுறை விழுந்தால், பிறகு சரியான குறிப்பையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

இரண்டாவது, வசனத்தாள். இதில் இளையவர்கள் செய்யும் கொடுமைக்கு அளவே இல்லை. காலையில் ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கைப்பேசியில் புதுக் காட்சி வந்து விழும், எறும்பு எழுத்தில். எழுபது வயதில் மனப்பாடம் வராது என்பதில்லை. மெதுவாக ஏறும், ஏறியதைப் பிறகு மாற்றினால் பழையதும் புதியதும் கலந்து வரும். இருபது டேக் திணறுவதைப் பார்த்து உதவியாளர்கள் சிரித்தால் அன்றைக்கே கதை முடிந்தது.

– தாள் அச்சில், 14 அல்லது 16 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு.
– ஒரு வாரம் முன்பே காட்சி கையில் இருக்கவேண்டும். முந்தைய நாள் மாலைக்குப் பிறகு நீக்கலாம், சேர்க்கக்கூடாது.
– மாற்றம் வந்தால் மாறிய வரிக்குப் பக்கத்தில் குறி. ஹாலிவுட்டில் முதல் திருத்தம் நீலத்தாள், அடுத்தது இளஞ்சிவப்பு, பிறகு மஞ்சள், பச்சை என்று தாளின் நிறத்தையே மாற்றுவார்கள். ‘எந்தப் பிரதி கடைசி?’ என்ற கேள்வியே எழாது.
– எழுதிக் காட்டும் அட்டை வைப்பதாக இருந்தால் எதிர் நடிகரின் கண்ணுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில். ஒரு முழம் தள்ளி வைத்தாலும் க்ளோசப்பில் விழி வரி வரியாக நகர்வது தெரியும்.

நாடகமேடை:
மேலே உள்ளவை எல்லாம் கருவி சம்பந்தப்பட்டவை. எனக்கு மொழிதான் பெரிய காரணமாகப் படுகிறது.

‘கொஞ்சம் குறைச்சுப் பண்ணுங்க சார்.’ இந்த ஒரு வாக்கியத்தால் எழுந்த சண்டைகளைக் கட்டி அடுக்கினால் கூரையைத் தொடும். எதைக் குறைக்க? குரலையா, கையையா, புருவத்தையா? இயக்குநர் மனதில் இருப்பது ‘ஃபிரேம் டைட், சின்ன அசைவே பெரிதாகத் தெரிகிறது’ என்பது. நடிகர் காதில் விழுவது ‘நீ நாடகத்தனம்’ என்பது. மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று தேறிய உடம்பு அது. அதற்குத் தேவை விமர்சனம் இல்லை, அளவு. லென்ஸ் எது, ஃபிரேம் எங்கே வெட்டுகிறது என்று கையால் காட்டுங்கள்: ‘இங்கேயிருந்து இங்கே வரைக்கும்தான் சார், கழுத்துப் பட்டிக்குக் கீழே ஒன்றும் இல்லை.’ அவ்வளவுதான், அவரே அளந்துகொள்வார். தேர்ந்தவர்கள் லென்ஸ் எண்ணைக் கேட்பதே இதற்குத்தான்.

அடுத்தது உணர்ச்சிப் பெயர்கள். ‘இன்னும் சோகமா’, ‘கொஞ்சம் கோபமா’ என்றால் அது முடிவைச் சொல்வது, வழியைச் சொல்வதில்லை. ‘அவனை வெளியே போகவிடாதீர்கள்’, ‘அவள் உண்மையைத்தான் சொல்கிறாளா என்று சோதியுங்கள்’ என்று எதிராளியிடம் செய்யும் செயலாகச் சொல்லுங்கள். ஒரு டேக்குக்கு ஒரு குறிப்பு மட்டும். ஐந்து சொன்னால் ஐந்தும் போகும்.

கடைசியாக, வசனத்தை நீங்களே பேசிக் காட்டாதீர்கள். நாற்பது வருடம் பேசியவருக்கு ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் கொடுப்பது, சமையல்காரரிடம் கரண்டியைப் பிடுங்குவது போல.

வெட்டுமேசை:
கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை, நாடகமேடை. சாப்ளின் எல்லாப் பாத்திரத்தையும் நடித்துக் காட்டித்தான் வாங்குவார். லுபிட்ஷும் அப்படியே. இரண்டு பேருடைய படங்களும் காலத்தைத் தாண்டி நிற்கின்றன. நடித்துக் காட்டுவது தப்பில்லை, நடிக்கத் தெரியாதவர் நடித்துக் காட்டுவதுதான் தப்பு.

நாடகமேடை:
சாப்ளினும் லுபிட்ஷும் நடிகர்களாக இருந்து இயக்குநரானவர்கள், அய்யா. அதுவும் நகைச்சுவையில் தாளம்தான் உயிர், அதைச் சொல்லால் விளக்குவது கஷ்டம் என்று ஒத்துக்கொள்கிறேன். சரி, ஒரு சலுகை: உடலசைவையும் நேரத்தையும் காட்டலாம், வசனத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டவேண்டாம். இதற்குமேல் இறங்கமாட்டேன்.

பூம்\_ராடு:
யாரும் காதைப் பற்றிப் பேசவில்லை. வயதானவர்களுக்கு முதலில் மங்குவது மேல் அலைவரிசை. ‘ச’, ‘த’, ‘ஃப’ மாதிரி ஒலிகள். இப்போது இளம் நடிகர்கள் லைவ் சவுண்டில் (தளத்திலேயே பதிவாகும் ஒலி) கிசுகிசுவென்று பேசுகிறார்கள், லேபல் மைக் நெஞ்சிலேயே இருப்பதால் எங்களுக்குக் கேட்கும். எதிரே நிற்கும் பெரியவருக்குக் கேட்காது. எதிராளி வசனம் முடிந்ததா என்று தெரியாமல் அரை நொடி தாமதித்துப் பேசுவார். மானிட்டரில் அது ‘வேகம் இல்லை’ என்று தெரியும். இயக்குநர் ‘சார், பிக்கப் வேகமா’ என்பார், அதாவது பதில் வசனத்தைச் சட்டென்று எடுக்கச் சொல்வார். கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ள எந்தப் பெரியவருக்கும் மனம் வராது, அதனால் வேறு எதையாவது பிடித்துக்கொண்டு கோபிப்பார்.

வழி: க்ளோசப்பில் ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் இளையவரைக் கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசச் சொல்லுங்கள், அவர் குரல் அந்த டிராக்கில் தேவையில்லை. இரண்டு பேரும் ஃபிரேமில் இருந்தால், எதிராளி வசனத்தின் முடிவில் கண்ணுக்குத் தெரிகிற ஓர் அசைவு வைத்துவிடுங்கள்: தலையைத் திருப்புவது, நாற்காலியைத் தொடுவது. அதைப் பார்த்து அவர் எடுத்துக்கொள்வார். யாருக்கும் காரணம் சொல்லவேண்டிய அவசியமில்லை.

இன்னொன்று, தயவுசெய்து மைக்கில் திருத்தம் சொல்லாதீர்கள். அந்த ஸ்பீக்கர் சத்தம் அறுபது பேருக்குக் கேட்கும்.

பார்வைக்கோடு:
பூம்\_ராடு சொன்ன கடைசி வரியோடு ஒட்டியது இந்த மானிட்டர் கூடாரம். ஜெர்ரி லூயிஸ் 1960-லேயே கேமராவோடு வீடியோ மானிட்டரை வைத்து வேலை செய்தார், ஆனால் அவர் தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, தானே நடித்துத் தானே இயக்கியதால். அதற்கு முன்னாலெல்லாம் இயக்குநர் உட்கார்ந்திருந்தது லென்ஸுக்குப் பக்கத்தில். நடிகர் வசனம் முடித்ததும் முதலில் பார்ப்பது அந்த முகத்தைத்தான். பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். இப்போது அந்த இடத்தில் யாரும் இல்லை. முப்பது அடிக்கு அப்பால் கறுப்புத் துணிக்குள் பத்துப் பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ‘கட்’டுக்குப் பிறகு மௌனம், பிறகு ஒரு சிரிப்புச் சத்தம், பிறகு உதவி இயக்குநர் ஓடிவந்து ‘ஒன் மோர் சார்’. அந்தச் சிரிப்பு வேறு எதற்கோ இருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும்?

கையில் பிடிக்கிற சின்ன மானிட்டரோடு கேமராவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு கட்டுக்கும் எழுந்து நடந்து போங்கள். திருத்தம் சொல்லாத டேக்குகளுக்கும் போகவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் எழுந்து வந்தாலே ‘தப்பு’ என்று ஆகிவிடும்.

முதல்படம்:
எல்லாரும் இயக்குநர் பக்கத்துத் தப்பையே அடுக்கறீங்க. மறுபக்கமும் இருக்கே. வேணும்னே சோதிக்கிற பெரியவங்க இல்லையா?

காட்சித்தாள்:
இருக்கிறார்கள், நிறையவே. மூடி மறைக்கவேண்டியதில்லை. வகைகள் சுலபமாக அடையாளம் தெரியும்.

எதிர் நடிகரின் வசனத்தை ‘இது இங்கே தேவையா?’ என்று ஒவ்வொன்றாக உதிர்ப்பவர். பேசிக்கொண்டே இரண்டடி பின்னால் போய், மற்றவர் கேமராவுக்கு முதுகைக் காட்டும்படி செய்பவர். சஜெஷன் ஷாட்டில் தன் தோள் மட்டும் தெரியும்போது எதிராளிக்கு உயிரில்லாமல் வசனம் ஒப்பிப்பவர். இளம் நடிகைக்குத் தானே பாடம் நடத்தி, இயக்குநர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்ய வைப்பவர். முதல் நாளே ஒரு ஷாட்டை மறுத்து, இயக்குநர் தயாரிப்பாளரிடம் ஓடுகிறாரா என்று பார்ப்பவர்.

கடைசி வகைக்குப் பதில்: ஓடாதீர்கள். ஓடினால் இனி அவர் பேசப்போவது தயாரிப்பாளரிடம் மட்டும்தான். வாக்குவாதமும் வேண்டாம், அதுவும் ஆட்கள் முன்னால். ‘உங்களுடையதை ஒன்று, நான் எழுதியதை ஒன்று எடுத்துக்கொள்வோம்’ என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவருடையதை முதலில் எடுங்கள், நிஜமான அக்கறையோடு எடுங்கள். சில சமயம் அதுதான் நன்றாக இருக்கும், அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னால் நகர்பவரைத் திட்டவேண்டாம், அவருக்குப் பின்னால் ஒரு மேசையை நகர்த்தி வைத்தால் போதும். இளையவரின் தனி க்ளோசப்பைப் பெரியவர் கிளம்பும் முன் எடுங்கள், கிளம்பிய பிறகு உதவியாளரைப் பார்த்து நடிக்கவேண்டி வரும்.

வெட்டுமேசை:
மேசை யோசனை பிரமாதம்.

நாடகமேடை:
படப்பிடிப்பு நடுவே கதையை மாற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. 1976-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அலெக் கினஸ் நடித்த பாத்திரம் பாதிக்கு மேல் செத்துப்போகவேண்டும் என்று இயக்குநர் லூகாஸ் முடிவுசெய்தார். கினஸுக்கு 62, லூகாஸுக்கு முப்பதுக்கு மேல் ஒன்றிரண்டு. கினஸ் கொதித்துத்தான் போனார். லூகாஸ் நேரில் உட்கார்ந்து காரணத்தைச் சொன்னார்: தப்பித்து வந்தபிறகு அந்தப் பாத்திரத்துக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை, மற்றவர்களோடு சும்மா நிற்கவேண்டியதுதான். கினஸ் ஒத்துக்கொண்டு முடித்துக் கொடுத்தார், ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

கவனியுங்கள், சொன்னது பாத்திரத்தின் காரணம். ‘நீளம் அதிகமாகிவிட்டது’, ‘தயாரிப்பாளர் சொன்னார்’ என்று ஆரம்பித்திருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கும். சொன்னவரும் இயக்குநரே, தூதுவர் இல்லை.

பார்வைக்கோடு:
நல்ல உதாரணம். ஆனால் எவ்வளவு விளக்கினாலும் பொருந்தாத ஜோடிகளும் உண்டே? ‘ராயல் டெனன்பாம்ஸ்’ (2001) படத்தின் தலைமைப் பாத்திரத்தை வெஸ் ஆண்டர்சன் ஜீன் ஹேக்மனை மனதில் வைத்தே எழுதினார். ஹேக்மன் தயங்கித்தான் வந்தார். தளத்தில் அவருடைய கோபத்தைப் பற்றி உடன் நடித்தவர்களே பின்னாளில் பேசியிருக்கிறார்கள். அந்தப் படத்துக்கும் அவருக்கு கோல்டன் குளோப்.

வெட்டுமேசை:
அது முறையின் மோதல் என்று நினைக்கிறேன். வெஸ் ஆண்டர்சனின் ஃபிரேம் அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி, நடிகர் அரை அடி தள்ளி நின்றால் சமச்சீர் கெட்டுவிடும். ஹேக்மன் கணத்துக்குக் கணம் எதிராளியைப் பார்த்து மாறுகிறவர். கட்டத்துக்குள் அடைத்தால் முட்டத்தானே செய்வார். வேடிக்கை என்னவென்றால், அந்த முட்டல்தான் அந்தப் பாத்திரத்துக்கு உயிர். அதற்காக யாரும் இதை உத்தியாக எடுத்துக்கொள்ளவேண்டாம், விலை அதிகம்.

இப்படிப்பட்டவரை வைத்துக் கட்டமாக எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒப்பந்தத்துக்கு முன்பே உங்கள் பழைய வேலையைப் போட்டுக் காட்டுங்கள், ஸ்டோரிபோர்டையும் (ஷாட்டுகளை வரைந்த படங்கள்) கொடுங்கள். ‘என் படத்தில் நடிகர் அசைய இடம் குறைவு’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், வேண்டாம் என்பவர் அப்போதே விலகிவிடுவார்.

ஒத்திகைக்கும் நாள் ஒதுக்குங்கள். ‘12 ஆங்ரி மென்’ எடுத்தபோது இயக்குநர் லூமெட்டுக்கு முப்பதைக் கடந்து சில வருடங்கள்தான், திரைக்கு அது முதல் படம். ஹென்றி ஃபோண்டா நடிகர் மட்டுமில்லை, தயாரிப்பாளர்களில் ஒருவரும்கூட. இரண்டு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கேமராவைத் தொட்டார்கள். ஒரே அறை, பன்னிரண்டு பேர். மூலைக்கு மூலை ஒரே விளக்கமைப்பில் வரும் ஷாட்டுகளைச் சேர்த்து எடுத்ததால் கதை வரிசை தலைகீழாகப் போனது. ஒத்திகை இல்லாவிட்டால் எந்த வசனத்தில் யார் எவ்வளவு சூடாக இருந்தார் என்று ஒருவருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

முதல்படம்:
கடைசியா ஒண்ணு. எல்லாம் சரியா செஞ்சும், அவர் ‘போதும், இதான் டேக்’னு எழுந்து போயிட்டா? ஒரே டேக், அதுவும் பாதியில வசனம் தடுமாறியிருக்கு.

வெட்டுமேசை:
ஃப்ராங்க் சினாட்ரா ஒரு டேக்குக்கு மேல் விரும்பாதவர் என்று பேர் எடுத்தவர். அவரை வைத்தும் படம் எடுத்திருக்கிறார்கள். தடுமாறிய இடத்தில் ஒட்டுப்போட வேறு படம் வேண்டும், அவ்வளவுதான். எதிர் நடிகர் மௌனமாகக் கேட்கிற ரியாக்‌ஷன் முப்பது நொடி. அவர் பார்க்கிற பொருள் ஒன்று இன்சர்ட்டாக (தனி நெருக்க ஷாட்டாக). அதே உடையில் கை மட்டும், வேறு ஆள் கையாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாம் கேமரா இருந்தால் முதல் டேக்கிலேயே வேறு அளவில் வைத்துவிடுங்கள். ஒரே டேக் ஆள் என்று தெரிந்தும் ஒரே கேமராவோடு போவது உங்கள் தப்பு.

பூம்\_ராடு:
அவர் வண்டி ஏறுமுன் வைல்ட் ட்ராக், அதாவது படமில்லாமல் ஒலி மட்டும், வாங்கிவிடுங்கள். மைக்குக்கு ஒரு அடி பக்கத்தில் நிற்கவைத்து, தடுமாறிய வசனத்தை முன்னும் பின்னும் ஒரு வரி சேர்த்து இரண்டு முறை. ஒப்பனை வேண்டாம், விளக்கு வேண்டாம், இரண்டு நிமிடம். படமெடுக்க மறுப்பவர்கள்கூட இதற்கு மறுப்பதில்லை. பிறகு அதே அறையில் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி முப்பது நொடி வெற்று ஒலி, ஒட்டுப்போட்ட இடத்தில் பின்னணி மாறாமல் இருக்க. ஏசியை அணைத்து ஷூட் செய்திருந்தால் அப்போதும் அணைத்தே இருக்கட்டும்.